சடங்குப் போர்டுல இல்லாத மொகம்

எங்க கடை எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவுல, பஸ்ஸு நின்னு போற ஒரு பஜாருன்னு வச்சுக்கங்க. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை. என் பேரு ஜான்சி. டிசைன் போடுறது நான், மிஷின் ஓட்டுறது எங்க வீட்டுக்காரரு இம்மானுவேலு. இதுகூட நெசப் பேரு இல்ல. இனிமே வரப்போற பேரு ஒண்ணும் நெசமில்ல, எல்லாம் நானா வச்சது. ஜான்சி வாயில விழுந்தா மறுநாளு ஊரு வாயில இருக்கும்னு இந்தப் பஜாருல என்னையத்தான் சொல்லுவாக. அப்பேர்ப்பட்டவளே பேரை மாத்திச் சொல்றேன்னா, காரணம் இல்லாமலா?

எங்க பக்கத்துல புள்ள பொறந்தா போர்டு, காது குத்துனா போர்டு, சமைஞ்சா போர்டு, செத்தாலும் போர்டு. புள்ள மொகம் நடுவுல பெருசா இருக்கணும். பேரு, பொறந்த தேதி, படிக்கிற பள்ளிக்கூடம், அப்பன் ஆத்தா பேரு, மண்டபம், எல்லாம் இருக்கணும். சுத்தி மாமன் மச்சான் தலையெல்லாம் வரிசையா, ஒவ்வொரு தலைக்குக் கீழயும் போன் நம்பரு. இதே ஆளுக மெயிலத் தொறந்து படம் எடுக்க எங்க கம்ப்யூட்டர்ல வந்து உக்காருவாக. பாஸ்வேர்டு அடிக்க வராது. "நீயே அடி தங்கச்சி. எம்மக பேரு, பக்கத்துல அது பொறந்த தேதி"ன்னு கடையே கேக்கச் சொல்லுவாக. அட ஏசப்பா! பஸ் ஸ்டாண்டுல கட்டி விட்ட போர்டுல எது இருக்கோ, அதுதான் பாஸ்வேர்டு. வீட்டைப் பூட்டி, சாவியைக் கொண்டாந்து தெருமுக்குல தொங்க விட்ட கதை. தொங்க விட்டது யாரு? நான்தான். பவானி சொல்ற வரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்ல.

முத்துராமலிங்கம் அண்ணன் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிறவரு. மருந்து அடிச்ச சட்டையோட ஒருநாளு கடைக்குள்ள வந்து நின்னாரு. மொகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, என் கூடப்பொறந்தவ மக சமைஞ்சுட்டா. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பன்னெண்டு அடிக்கு ஒரு போர்டு போடு. போற வர்ற பஸ்ஸெல்லாம் நின்னு பாக்கணும்."

அப்படியே வாட்ஸ்அப்புல புள்ளையோட பழைய படம் ஒண்ணை அனுப்பினாரு. நல்ல மூக்கும் முழியுமா இருந்துச்சு புள்ள. நானும் ஆசை ஆசையா உக்காந்து, தாமரைப் பூவுக்கு நடுவுல அவளை நிப்பாட்டி, ரெண்டு பக்கமும் மயிலை விட்டு, பேரு, தேதி, பள்ளிக்கூடம், மண்டபம்னு ஒண்ணு விடாமப் போட்டு, அவரு போனுக்கு ஒரு மாதிரி அனுப்பி விட்டேன். "பிரமாதம் தங்கச்சி"ன்னு ரெண்டு கும்புடு போட்டாரு.

கொஞ்ச நேரத்துல ஒரு பொம்பளை வேர்க்க விறுவிறுக்க உள்ள வந்தா. ஆளை எனக்குத் தெரியும், பழக்கம் இல்ல. நம்ம பஜாரு மருந்துக்கடையில நிக்கிறவ. இந்த ஊருக்கு வந்து ஒரு வருசம் இருக்கும். யாருட்டயும் அதிகமா பேச மாட்டா. தலைக்கனம் புடிச்சவன்னு நானே ரெண்டு பேருட்ட சொல்லியிருக்கேன்.

"அக்கா, என் பேரு பவானி. எங்கண்ணன் ஒரு சடங்குப் போர்டு சொல்லியிருக்காரு. அதை அழிச்சிருங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏத்தா, வெளையாட்டா இருக்கா? ஆர்டர் குடுத்தவரு வந்து சொல்லட்டும். காலையில இருந்து இடுப்பு ஒடிய உக்காந்து மயிலுக்கு ஒவ்வொரு தோகையா வச்சிருக்கேன்."

"மயிலு இருக்கட்டும்கா. எம்புள்ள மொகத்தை மட்டும் எடுத்துருங்க."

சத்தம் போடல, அழல. எடுக்காம நான் போக மாட்டேங்கிற மாதிரி ஒரு நிப்பு. சரி, தொலையட்டும்னு படத்தை அழிச்சுட்டு, "ஆச்சு, போதுமா?"ன்னேன்.

"கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டிக்குள்ள இருக்கும்கா, அங்கன இருந்தும் எடுங்க. எங்கண்ணன் அனுப்புனதும் நீங்க திருப்பி அனுப்புனதும் வாட்ஸ்அப்புல இருக்கும்."

"என்னைய என்ன திருடின்னு நெனச்சியா?"

"உங்களைய நெனக்கலக்கா. இந்தக் கம்ப்யூட்டர்ல யாரு யாரு உக்காருறாக?"

திரும்பிப் பாத்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டர்ல கோம்பைக்காரரு ஒருத்தரு மெயிலு தொறந்தது தொறந்தபடி கெடக்கு. நாய்க்குட்டி விக்கிறதுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவரு, மூடாமப் போயிட்டாரு. வங்கியில இருந்து வந்தது, ஆதாரு, எல்லாம் வரிசையா தெரியுது. பவானி அதைப் பாத்தா. பாத்த மறுநொடி மொகத்தைத் திருப்பிக்கிட்டு, "இதை மூடலாமாக்கா?"ன்னு கேட்டா. நான் தலையாட்டவும், ஒரு எழுத்துப் படிக்காம வெளிய வர்ற எடத்தை மட்டும் தட்டி மூடி விட்டா. நானா இருந்தா முழுசாப் படிச்சு முடிச்சிருப்பேன், சத்தியமா! அந்த எடத்துலதான் எனக்கு அவ மேல இருந்த கோவம் பாதி எறங்குச்சு. அவ சொன்ன எடத்துல எல்லாம் படத்தை அழிச்சேன்.

அதுக்குள்ள முத்துராமலிங்கம் அண்ணன் பைக்கை நிப்பாட்டிட்டு உள்ள வந்தாரு. போன்லயே தங்கச்சி சொல்லியிருப்பா போல, மூஞ்சி கடுகடுன்னு இருந்துச்சு.

"ஏத்தா, ஸ்டேட்டஸ் வைக்காதங்கிற, போர்டு வேணாங்கிற. நாய் குட்டி போட்டாக்கூட போர்டு கட்டுற ஊருல, எந்தங்கச்சி மக சடங்குக்குப் போர்டு இல்லைன்னா நான் எப்படி நாலு பேரு முன்னாடி நடக்க?"

"அண்ணே, அந்த ஆளு பாப்பாரு."

"பாக்கட்டுமே! வந்தான்னா காலை ஒடிச்சு வைகை அணையில வீசிருவேன்."

"நீ காலை ஒடிச்சுட்டு ஜெயிலுக்குப் போயிருவ. நான் எம்புள்ளையைக் கூட்டிக்கிட்டு மறுபடியும் எந்த ஊருக்கு ஓட? அவன் வந்தா என்ன செய்யலாம்னு நீ யோசிக்கிற. அவன் வரவே கூடாதுன்னு நான் யோசிக்கிறேன்."

அந்த ஆளுங்கிறது அவ புருசன். நான் கேக்காமலேயே, முழங்கைக்கு மேல ஜாக்கெட்டை ஏத்திக் காட்டுனா. தோசைக்கல்லுத் தழும்பு. "எனக்குச் செஞ்சதைப் பொறுத்துக்கிட்டேன்கா. ஒருநாளு அதே கல்லைத் தூக்கிக்கிட்டு புள்ள பக்கம் திரும்பினான். அன்னைக்கே கெளம்பிட்டேன்"னா. பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. ஆனா கோர்ட்டுக் காகிதம் பள்ளிக்கூட வாசல்ல வந்து காவல் நிக்குமா?

வந்திருக்கான். மொதல்ல ஆண்டிபட்டியில இருந்திருக்காக. ஊருல ஒரு சொந்தக்காரன் கெடையாது, அண்ணனைத் தவிர ஒருத்தருக்கும் வெலாசம் தெரியாது, போன் நம்பரு புதுசு. புதுப் பள்ளிக்கூட யூனிஃபார்முல புள்ளையை வாசல்ல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்திருக்கா, அவ்வளவுதான். யாருக்கும் அனுப்பல. அந்த வாரமே பள்ளிக்கூட கேட்டுல வந்து நின்னுருக்கான். பெரிய டீச்சரு புள்ளையை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிக் காப்பாத்தியிருக்காக.

"எவனோ காட்டிக் குடுத்துட்டான்னுதான எங்கிட்ட சொன்ன?"ன்னாரு அண்ணன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். காட்டிக் குடுத்தது என் போனு."

நம்ம ஊருல பொம்பளைக்குப் போன் வாங்குனா, அதுல மெயிலு போடுறது, நம்பரு பதியிறது எல்லாம் புருசன்தான. எனக்கும் இவுகதான் போட்டுக் குடுத்தாக. பாஸ்வேர்டு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டது இல்ல. பவானிக்கும் அவன்தான் போட்டுக் குடுத்திருக்கான். இவ சிம்மை மாத்துனாளே தவிர, உள்ள இருந்த மெயிலுக் கணக்கு அதேதான். இவ எடுக்குற ஒவ்வொரு போட்டோவும் தானாப் போயி அவன் போன்லயும் விழுந்திருக்கு. பள்ளிக்கூடப் பேரு எழுதுன வளைவும் சேந்து விழுந்திருக்கு. வீட்டை விட்டு ஓடியும் அவனை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடியிருக்கா, பாவம்.

இதை இவளே கண்டுபுடிச்சிருக்கா, அதுதான் எனக்கு ஆச்சரியம். புள்ள பக்கத்துல உக்காந்திருக்க, போன்ல ஒவ்வொரு கதவாத் தட்டித் தட்டிப் பாத்திருக்கா. இந்தக் கணக்கு எந்தெந்தப் போன்ல தொறந்திருக்குன்னு ஒரு எடத்துல காட்டுமாம். அங்கன இவ போனு, கீழ அவன் போனு.

"உடனே அவனைத் தூக்கி வெளிய போட்டுருக்கணும்ல!"ன்னேன் நான்.

"போட்டா அவனுக்குத் தெரிஞ்சு போகும்கா. வெறி புடிச்சுத் தேடுவான். அதனால எதையும் தொடல. போட்டோ மட்டும் எடுக்கல. நான் இருக்குற எடத்தைக் காட்டுறதை எல்லாம் அமத்திட்டு, போனையும் அமத்தி வச்சுட்டு, இங்கன வந்து சேந்தோம். பொறவுதான் கடையில வேற போனு வாங்கி, வேற கணக்கு என் கையால போட்டேன். அதுக்கப்புறம் பழசுல போயி அவனைத் தள்ளுனேன்."

பாருங்க அந்தத் தெளிவை! எனக்கு அந்த எடத்துல கையும் ஓடியிருக்காது காலும் ஓடியிருக்காது. புதுக் கணக்குக்கு அவ வச்ச பாஸ்வேர்டுல புள்ள பேரு கெடையாது, சாமி பேரு கெடையாது, எந்தத் தேதியும் கெடையாது. சம்பந்தா சம்பந்தமில்லாத வார்த்தைகளைக் கோத்து நீளமா வச்சிருக்காளாம். அது தெரிஞ்சாலும் உள்ள போக முடியாது, அவ போனுக்கு வர்ற ஓடிபி நம்பரும் வேணும். அந்த நம்பரைக் கேட்டு ஆரு பேசினாலும், பேசுறது வங்கி மேனேஜரா இருந்தாலும், சொல்ல மாட்டா. மாசம் பொறந்தா உள்ள போயி, தான் ஒருத்திதான் இருக்கோமான்னு பாத்துக்குவா. நாம படுக்கப் போறப்ப கேஸை அடைச்சோமான்னு பாக்குறமே, அந்த மாதிரி.

இதையெல்லாம் கேட்டுட்டு அண்ணன் ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. "ஏத்தா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல"ன்னாரு.

"சொன்னா நீ அருவாளைத் தூக்கியிருப்ப."

"அது என்னமோ வாஸ்தவம்தான்"னு ஒத்துக்கிட்டாரு. ஆனாலும் ஆசை விடல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப போர்டே கெடையாதா?"ன்னு சின்னப்புள்ள மாதிரி கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

அதுக்கும் பவானி ஒரு வழி வச்சிருந்தா. "போர்டு வைண்ணே. பன்னெண்டு அடிக்கே வை. உன் படத்தைப் போட்டு, தாய்மாமன் சீருக்கு வந்த உறவுக்கெல்லாம் நன்றின்னு போடு. புள்ள மொகம் கூடாது, பேரு கூடாது, ஊரு, மண்டபம், தேதி எதுவும் கூடாது. விசேஷம் முடிஞ்ச மறுநாளு உன் ஊருல, உன் தோட்டத்து முக்குல கட்டிக்க."

அண்ணன் யோசிச்சாரு. தன் படம் பன்னெண்டு அடிக்கான்னு மனசுக்குள்ள ஓடுது, மூஞ்சியிலயே தெரியுது. "மயிலு உண்டா?"ன்னு எங்கிட்ட கேட்டாரு. உண்டுன்னேன். "அப்பச் சரி."

அவரு மட்டும் என்ன, நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் அப்படித்தான். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, பொறவு குத்துது கொடையுதுன்னு கத்துறது. அன்னைக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்காரரை உக்கார வச்சு, என் போன்ல எந்தெந்தப் போனு தொறந்திருக்குன்னு பாக்கச் சொன்னேன். நாங்க வித்துட்ட பழைய போனு ஒண்ணு உள்ள உக்காந்திருக்கு! "இத்தனை நாளா எவனோ நம்ம கல்யாண நாளு போட்டோவைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்"னேன். "பாத்துப் பயந்திருப்பான்"னாக இவுக. வாயி கொழுப்பு.

சடங்குக்குப் பவானி என்னையும் கூப்புட்டுருந்தா. சின்ன மண்டபம். சந்தனம், கற்கண்டு வைக்கிற மேசைக்குப் பக்கத்துல இன்னொரு மேசை போட்டு, கோயில்ல செருப்புக்கு டோக்கன் குடுக்குற மாதிரி, போனுக்கு டோக்கன். டோக்கன் அடிச்சுக் குடுத்தது நம்ம கடைதான். போனைக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும். விடுவாகளா சொந்தக்காரக? "இதென்ன ஏர்போர்ட்டா? நாங்க என்ன குண்டா வச்சிருக்கோம்? சடங்குக்கு வந்துட்டு ஒரு செல்ஃபி எடுக்கக்கூடாதா?"ன்னு வாசல்லயே சத்தம். ஒரு பெரிய மனுசன் கெளம்பியே போகப் பாத்தாரு.

மேசையில உக்காந்திருந்தது யாருன்னு நெனைக்கிறீக? முத்துராமலிங்கம் அண்ணன்தான். பட்டு வேட்டி, கழுத்துல மாலை. சீர் கொண்டாந்த மாமன் சபை நடுவுல உக்கார வேண்டியவரு, வாசல்ல உக்காந்துக்கிட்டாரு. எந்திரிச்சு நின்னு, "தாய்மாமன் கேக்குறேன். எம்மருமக மொகம் எவன் போன்லயும் போகக்கூடாது. குடுக்க முடியாதுன்னா கோவம் இல்ல, பந்தி அந்தப் பக்கம் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு ஒரே போடு. தாய்மாமன் வார்த்தைக்கு மேல அன்னைக்கு எவன் பேச முடியும்? மேசை போனால நெறஞ்சு போச்சு. அந்தப் பெரிய மனுசன் ரெண்டு போன் வச்சிருந்தாரு, ரெண்டையும் குடுத்தாரு.

நெசமாச் சொல்றேன், அப்படி ஒரு சடங்கை நான் பாத்தது இல்ல. எல்லாரும் புள்ளையைத்தான் பாத்தாக. போனைத் தூக்கிக்கிட்டு முன்னாடி எவனும் மறைக்கல. பொம்பளைக பாட்டுக்குக் கேலி பேசிச் சிரிச்சுக்கிட்டு, நலுங்கு வச்சாக. பவானி ஓரமா நின்னு புள்ளையைப் பாத்துக்கிட்டே இருந்தா. அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஒரே ஒரு போட்டோ எடுத்தோம். எங்க கடையில நெட்டு கிட்டு எதுவும் இல்லாத பழைய கேமரா ஒண்ணு இருக்கு, அதுல நான்தான் எடுத்தேன். புள்ளதான் கேட்டுச்சாம், "எனக்கு ஒரு படம் வேணும்மா"ன்னு. ஆண்டிபட்டிக்குப் பொறவு அவளை யாரும் படமே எடுக்கல.

மறுநாளு கடையில அந்தப் படத்தைத் தொறந்து வச்சு வெளிச்சம் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். கடை போன் அடிச்சுச்சு.

"வணக்கம்கா. ஓடைப்பட்டி முத்துராமலிங்கம் வீட்டுச் சடங்குக்கு நீங்கதான போர்டு அடிச்சது? நான் அவருக்கு வேண்டியவன், மதுரையில இருந்து பேசுறேன். மோதிரம் செஞ்சு வச்சிருக்கோம், எந்த மண்டபம்னு தெரியல. அந்தப் போர்டுப் படத்தை இந்த நம்பருக்கு அனுப்பி விடுங்களேன்."

அவ்வளவு மரியாதையான கொரலு. எனக்கு வாயைக் கட்டத் தெரியாதுன்னு சொன்னேன்ல? 'சடங்குதான் நேத்தே முடிஞ்சு போச்சே தம்பி'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கடிச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல புள்ள என்னையவே பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கா.

"அப்படி ஒரு ஆர்டரும் எங்ககிட்ட வரலையே"ன்னேன்.

அவ்வளவுதான், அழ ஆரம்பிச்சுட்டான். "அக்கா, நான் அவளைப் பெத்த அப்பன்கா. எம்மக சடங்கை நான் ஒரு படத்துலயாவது பாக்கக் கூடாதா? சடங்குன்னு மட்டும் காதுல விழுந்துச்சு, எங்கன்னு ஒருத்தரும் சொல்லல. மச்சான் போர்டு வைக்காம இருக்க மாட்டான். கம்பத்துல இருந்து ஒவ்வொரு கடையாக் கேட்டுக்கிட்டு வர்றேன், எல்லாரும் இல்லைங்கிறாக."

பெத்தவன் அழுதா யாருக்குத்தான் மனசு கரையாது? எனக்கும் கரைஞ்சுச்சு, பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தோசைக்கல்லுத் தழும்பு ஞாபகம் வரவும்தான் கெட்டியானேன். "நாங்க கட்சிப் போர்டு மட்டும்தான் அடிக்கிறோம் தம்பி. வீட்டு விசேஷம் எடுக்குறதே இல்ல"ன்னு சொல்லி வச்சுட்டேன். ஒரே ஒரு பிரிண்ட் எடுத்துட்டு, கேமராவுல, கம்ப்யூட்டர்ல, குப்பைத்தொட்டியில எல்லாத்துலயும் அழிச்சேன். பவானிக்கு உடனே ஆளு அனுப்பினேன்.

புள்ளையோட வந்தா. அண்ணன் வெளிய பைக்குல உக்காந்திருந்தாரு. பவானியைத் தனியா ஓரமாக் கூட்டிட்டுப் போயி விசயத்தைச் சொன்னேன். மயங்கி விழுந்துருவாளோன்னு எனக்குப் பயம். அவ, போன் வந்த நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டா, வக்கீலம்மாட்ட குடுக்கணுமாம்.

"பயமா இல்லையாத்தா உனக்கு?"

"இல்லாம இருக்குமாக்கா? ஆனா ஒண்ணு. ஊரு ஊராக் கேட்டுக்கிட்டுத் திரியுறான்னா, இன்னும் அவனுக்குத் தெரியலைன்னுதான அர்த்தம்."

அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். எனக்குத்தான் அழுகை வந்துருச்சு. எத்தனையோ பெரிய மனுசக மொகத்தை ஆளு ஒசரத்துக்கு அடிச்சுக் குடுத்திருக்கேன், இப்படி ஒரு பொம்பளையை நான் பாத்தது இல்ல.

புள்ளைட்ட படத்தைக் குடுத்தேன். உள்ளங்கை அகலம்தான். ரொம்ப நேரம் பாத்தா. "பெரியம்மா, இது எங்கிட்ட மட்டும்தான் இருக்கா?"ன்னா. ஆமாத்தான்னேன். அம்மாவைத் திரும்பிப் பாத்து, "இதை யாருக்காவது காட்டலாமாம்மா?"ன்னு கேட்டா.

"உன் மொகம்தான. யாருக்குக் காட்டணும்னு நீதான் சொல்லணும்."

புள்ள கொஞ்சம் யோசிச்சா. பொறவு விறுவிறுன்னு வெளிய போயி, பைக்குல இருந்த மாமனுக்கு முன்னாடி நின்னு, "கையைத் தொடச்சுட்டு வாங்குங்க மாமா"ன்னு படத்தை நீட்டுனா. அண்ணன் வேட்டியில ரெண்டு கையையும் தொடச்சுக்கிட்டு வாங்கினாரு. பாத்தாரு, கண்ணு கலங்கிருச்சு. பழக்கத்துல கை தானா மேல்பையில இருந்த போனுக்குப் போச்சு. போனைத் தொட்ட கையை அப்படியே எடுத்துக்கிட்டு, "நல்லா இருக்கத்தா"ன்னு சொல்லி, படத்தை அவ கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு.